இருபது நோட்டில் இருப்பவர்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் தங்கைக்கு என்னைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் வீட்டிலும் எல்லோரும் இதே அளவு சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியது கிடைத்தது. புதிய இருபது நோட்டில் இருப்பது உங்கள் அப்பாவின் முகம்தான் என்று, அவருடைய பழைய போட்டோவோடு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நோட்டைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, ஏழு மாதமாக தினமும் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வணக்கம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்திரிகையில்தான் ஆட்சேபணை. நோட்டு அச்சகத்தில் தகடு செதுக்கச் சேர்ந்த அன்றே, சொந்தக்காரர் முகம் எதையும் நோட்டில் வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மானுக்குத் தன் மனைவியின் கண்ணை வைத்துவிட்டு வேலையை இழந்தார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இழக்க வேலை இல்லை. பென்ஷன் இருக்கிறது. அது ஒன்றுதான் இருக்கிறது.

நான் வேண்டுமென்று செய்ததில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த பெரியவரை நோட்டில் போடுவது என்று கமிட்டி முடிவு செய்தது, ஆனால் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது, நீயே ஒரு முகம் யோசித்துக் கொண்டுவா என்றார்கள், முதலில் கொண்டுபோன முகம் வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்கிறது என்றார்கள், இரண்டாவது முகத்துக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் தலைவர் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். அதில் மாமாவும் அவருடைய தம்பியும் ஒரே ஜாடையில், பெரிய மீசையோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் இருந்தது. அந்த சைக்கிள் யாருடையது என்று இருவருக்கும் சண்டை வருவதற்கு முன்னால் எடுத்தது. நான் மாப்பிள்ளையாக வந்தபோது மாமாவுக்கு மீசை இல்லை, சித்தப்பாவை நான் பார்த்ததே இல்லை, அவர் பேச்சை எடுத்தாலே மாமா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். சித்தப்பா உங்களுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தும் நீங்கள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் இதில் யார் மாமா என்று உங்கள் தங்கையைக் கேட்டேன்.

"வலது பக்கம் நிக்கறவர்தான் அப்பா" என்று அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்.

செதுக்கினேன். கமிட்டிக்கு ஒரே சந்தோஷம். புருவத்தில் இருந்த தழும்பைக் காட்டி, "வாய்க்கால் வெட்டும்போது பட்டதா?" என்று தலைவர் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

உயிரோடு இருந்தவரை ஒரு நோட்டைக் கையை விட்டு விடாத மனுஷன், இப்போது ஊர் முழுக்கக் கைமாறுகிறார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் வெளியே போவதில்லை. இருபது நோட்டெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடுகிறது. போன வாரம் காய்கறிக்காரம்மா யாரோ கொடுத்த இருபது நோட்டை ஈரத் தராசுக்கு அடியில் சொருகினாள். உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவை ஏம்மா ஈரத்துல வைக்கறே?" அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்கப்பாவா? அப்ப அவரை நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் பத்து பத்தா ரெண்டு குடுங்க." தையல்காரர் கொடுத்த நோட்டில் மூக்குக்குக் குறுக்கே டேப் ஒட்டியிருந்தது என்று உங்கள் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒட்டியது நானா?

ஆகையால் மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், எதுவும் செய்வதற்கு முன்னால் நேரில் வாருங்கள், பேசுவோம். வழியை மட்டும் உங்கள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டில் நேராக விழ, தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். முப்பத்தொரு வருஷம் வெட்டினவனுக்கு வெளியிலும் அப்படித்தான் வருகிறது. போன தடவை நான் சொன்ன வழியில் போய், பல் டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருந்து, ஒரு பல்லையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பென்ஷனை நம்பி வாழும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் உங்கள் தங்கை இதைப் படித்தாள். இடவலம் பற்றி எழுதிய பத்திக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஆல்பத்தை எடுத்தாள். என் பூதக்கண்ணாடியையும் ஒரு இருபது நோட்டையும் கேட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னங்க, அப்பாவுக்குப் புருவத்துல தழும்பே கெடையாது. சைக்கிள்லேர்ந்து விழுந்து அடிபட்டது சித்தப்பாதான். ஏதோ நீங்க கீறின கோடுன்னுல்ல நான் நெனச்சேன்!" என்றாள்.

அவள் சொன்னது வலது. நான் எடுத்தது இடது. ஆகவே நீங்கள் தாராளமாகப் பத்திரிகைக்கு எழுதலாம். மாமாவின் போட்டோவை வைத்துப் பார்த்தால் சிரிப்பார்கள், சித்தப்பாவின் போட்டோவை அனுப்ப உங்களுக்கு மனசு வராது. என் பென்ஷனுக்கு இனி ஆபத்தில்லை. டப்பாவைக் காலி பண்ணிக்கொண்டு உங்கள் தங்கை கடைக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே உங்களுக்கு இதை எழுதச் சொன்னாள்:

"ஏழு மாசமா தெனமும் வணக்கம் வச்சாச்சு. அடுத்த தெருதானே, இனிமே நேர்லயே போய் வைக்கச் சொல்லுங்க."