அலுமாரிக்குள் ஊளையர்

டிவிக்கு முன்னால் இருந்தவர்கள்: பஸ் கழுவும் சின்னராசா அண்ணை. பாண் சுடும் தொழிற்சாலையில் ரமேஷ். ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கும் நான். சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரையில் அவர். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாலு பேருக்கும் ஒரே வீடு.

மொன்ட்ரியால் தீவில் அவரைவிடச் சத்தமான உயிர் பிறந்ததில்லை.

டிவியில் ஊளைக்குரங்கைக் காட்டினார்கள். தென் அமெரிக்கக் காட்டுக் குரங்கு. பெரும்பாலும் இலைதான் சாப்பாடு. இலையில் தெம்பு கிடையாது. அதனால் பகல் முழுக்கப் படுக்கை. விடிந்தால் ஊளை. ஐந்து கிலோமீட்டர் தூரம் கேட்குமாம்.

சின்னராசா அண்ணை சோபாவைத் திரும்பிப் பார்த்தார். “டேய் ரமேஷ், உவரை எப்பயடா படம் பிடிச்சவங்கள்?”

அன்றிலிருந்து அவர் ஊளையர்.

பொருத்தத்துக்குக் குறைவில்லை. காசு மிச்சம் பிடிக்கிறார் என்று மூன்று நேரமும் கீரை. வேலை முடிந்தால் சோபா. விடிய ஆறு மணிக்குப் பல்கனி. மன்னாரில் இருக்கும் மனைவியோடு போன். கையில் போன் இருந்தது. அதை அவர் நம்பவில்லை. கடலைத் தாண்ட வேண்டியது தன் குரல்தான் என்று இருந்தார்.

“விசா என்ன மாதிரி? விசா வந்திட்டுதோ?” கொட்டும் பனியிலும் இதேதான். முன் மரத்து அணில்கள் தெரு மாறிப் போயின.

“மெல்லக் கதையுங்கோ அண்ணை,” என்றேன்.

“மன்னார் எங்க கிடக்கெண்டு தெரியுமோ உனக்கு?”

கட்டடம் பார்க்கும் கிழவர் ஒருநாள் ஏறி வந்தார். பிரெஞ்சில் கத்தினார். ரமேஷ் சுருக்கமாகச் சொன்னான்: “இன்னொருக்காச் சத்தம் கேட்டால் நாலு பேரும் வெளியிலயாம்.”

அந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. சுவர் அலுமாரியிலிருந்த உடுப்புகளை அள்ளிக் கட்டிலில் போட்டோம். அடுத்த நாள் விடிய அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம்.

டிவி சொன்ன ஒன்றை மறந்துவிட்டோம். அந்தக் குரங்கின் தொண்டையில் குடுவை மாதிரி ஓர் எலும்பு உண்டு. உள்ளே வெறுமை. குரலைப் பெருக்குவது அதுதான். வெறும் அலுமாரியும் அந்த வேலையைத்தான் செய்தது. அன்றைக்கென்று பார்த்து விசாவும் வந்தது.

“வந்திட்டுதோ! என்ரை ராசாத்தி, விசா வந்திட்டுதோ!”

சுவர் அதிர்ந்தது. மேல்மாடியில் ஏதோ விழுந்தது. படியில் கிழவரின் காலடி கேட்டது.

“சப்பாத்தைப் போடுங்கோ. வெளிக்கிடுவம்,” என்றார் சின்னராசா அண்ணை.

கதவைத் திறந்தோம். கிழவர் அலுமாரியைப் பார்த்தார். “விசா?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதையும் ஊளையர்தான் படிப்பித்திருந்தார். ரமேஷ் தலையாட்டினான். கிழவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மனைவி வந்தார். ஊளையர் மொன்ட்ரியால்-நோரில் வீடு எடுத்துப் போய்விட்டார். அலாரம் வாங்கினோம். அப்படியும் மூன்று பேரும் வேலைக்குப் பிந்துகிறோம்.

போன ஞாயிறு போன் எடுத்தேன். குரலே கேட்கவில்லை.

“சத்தமாக் கதையுங்கோ அண்ணை.”

“பக்கத்தில மனிசி நித்திரையடா.”

விடிய ஆறு மணிக்குப் பல்கனிக் கதவை இப்போதும் திறந்து வைக்கிறேன். வீண் வேலை. குரங்கின் ஊளையே ஐந்து கிலோமீட்டர்தான்.

மொன்ட்ரியால்-நோர் பன்னிரண்டு கிலோமீட்டர்.