சிங்கம் பார்க்க மன்னிப்புக் கேட்டது

சேலையூர்,
டிசம்பர் 2006

பேரன்புக்குரிய முஸ்தபா மச்சானுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஷாகுல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பரிதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நைரோபியில் நீங்களும் வீட்டாரும் கடையும் செழிப்பாக இருக்க துஆ செய்கிறோம். உடம்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், மனதைப் பற்றி எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். போனில் பேசினால் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம்.

டிசம்பரில் வாருங்கள், காட்டில் சிங்கம் காட்டுகிறேன் என்று நீங்கள் கூப்பிட்டதிலிருந்து பரிதாவுக்குக் கால் தரையில் இல்லை. உம்மா கண்ணை மூடி மௌத்தான பிறகு அண்ணன் முகத்தையே பார்க்கவில்லையே என்று வருஷக்கணக்காக அழுதவள். நானோ பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன், சும்மா இருப்பேனா? எந்த நாள் எந்தக் காடு, எந்த வேளை எந்த மிருகம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். பரிதா அதைப் பார்த்துவிட்டு, "சிங்கத்துக்கிட்ட போறோம், திரும்பி வருவோமோ என்னமோ, தெரிஞ்சவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

முதலில் எதிர்வீட்டு மொஹ்சின் பாயிடம் போனோம். சாக்கடை பைப் தகராறில் என்னோடு பேச்சை விட்டவர். "பயணம் போறோம் பாய், மனசு நோக ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றேன். அவ்வளவுதான், கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார். "எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன் ஷாகுல். கஅபாவைப் பார்த்ததும் எம்பொண்ணு நிகத் கல்யாணத்துக்கு துஆ செய்யி" என்கிறார். ஹஜ் சீசனில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகக் கேட்பதுபோல வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் மனுஷன் வேறென்ன நினைப்பார்? இல்லை பாய் என்று வாயெடுக்கிறேன், அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. தின்ற பிறகு எப்படிச் சொல்றது மச்சான், நாங்க காண்டாமிருகம் பார்க்கப் போறோம்னு? தெருவே திரண்டு வந்து மாலை போட்டது, மெக்காவிலிருந்து ஜம்ஜம் தண்ணி கொண்டுவர ஆளுக்கொரு கேன் கொடுத்தது.

கிளம்பும் சமயம் பார்த்து உங்க போன். மழை விடலை, ரோடு தண்ணியில போயிடுச்சு, ஜனவரியில வாங்க, சிங்கம் இல்லைன்னா யானை பார்க்கலாம், கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா இருங்க. மச்சான், என் சர்வீஸில் பஸ் லேட்டா வந்ததுண்டு, வராமலே போனதும் உண்டு. ஆனா தாம்பரம் பஸ்ஸுக்கு நின்னவனைச் செங்கல்பட்டு போயிக்கோன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போ முன்கதவைப் பூட்டிட்டு உள்ளேயே கிடக்கோம். லைட் போடறதில்லை, குக்கர் வைக்கிறதில்லை. நேத்து மீன்கார அங்காளம்மா பின்பக்கமா வந்து என்னைப் பார்த்துட்டா. "இன்னா பாய், நீ மெக்கா போய்ட்டேன்னு தெருவே சொல்லிகினு கீது, நீ இங்க குந்திகினு கீற?" என்றாள். "ஃப்ளெக்ஸிபிளா இருக்கேம்மா" என்றேன். "அத்த வுடு, வஞ்சிரம் வேணுமா வாணாமா?" என்றாள். வாங்கினேன். பொரிச்சா வாசனை மொஹ்சின் பாய் மூக்குக்குப் போகும்னு குழம்பு வெச்சோம்.

எனக்கு ஒண்ணும் புரியலை. உண்மையைச் சொன்னா அவர் மன்னிப்பை வாபஸ் வாங்கிடுவாரா? சொல்லாம யானையைப் பார்த்துட்டு வந்து ஹாஜியார்னு பேர் வாங்குறதா? ஆகவே மாதம், காடு, மிருகம் மூன்றையும் இனி மாறாதபடி முடிவு செய்து உடனே எழுதவும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். உங்கள் வியாபாரத்தில் ரப்பு பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
உள்ளே பூட்டிக்கொண்டிருக்கும்
ஷாகுல்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் கணக்கில்லை. பரிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சிங்கம், யானைன்னு நான் எப்பங்க கேட்டேன்? மழை காட்டுலதானே, அண்ணன் வீட்டுல இல்லையே?" என்று கதவைத் திறந்துகொண்டு போனாள். மொஹ்சின் பாயிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மன்னித்தது மன்னித்ததுதானாம், பைப்பை மட்டும் மாற்ற வேண்டுமாம். டிக்கெட்டையும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம். இதை நீங்கள் படிக்கும்போது பக்கத்தில் ஒருத்தி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை எந்தக் காட்டுக்கும் கூட்டிப்போக வேண்டாம், நீங்கள் கடைக்குப் போகாமல் இருந்தால் போதும்.