தூக்கத்தில் தள்ளிய வாஷிங் மெஷின்

அறிவழகன் கண்ணைத் திறந்தபோது வாஷிங் மெஷின் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபோது அது பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது.

"பவித்ரா! இதை யாரு இங்க கொண்டாந்து வச்சது?"

"என்னைக் கேட்டா? நானே இப்பதான் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்றாள் மனைவி, வெங்காயத்தை உரித்தபடியே.

மெஷின் வந்த நாளிலிருந்தே வீட்டில் இந்தப் பஞ்சாயத்துதான். பின்பக்கம் ஒரே வெயில், தூசி. பாத்ரூம் பக்கத்து மூலைதான் தோது என்பது பவித்ராவின் கட்சி. அந்த மூலையில் அறிவழகனின் கேரம் போர்டு இருந்தது. இத்தனூண்டு குவார்ட்டர்ஸில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம் அது. அதையும் விட்டுக்கொடுப்பதாவது! "தாழ்வாரம்தான், வேற பேச்சே கிடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்பார்களே. மெஷினைத் திரும்பத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விபூதியும் பூசினான், சக்கரத்துக்குச் செங்கல்லும் முட்டுக்கொடுத்தான்.

மறுநாள் பகல் தூக்கத்தில் ஒரு கனவு. நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்குக் கன்வேயர் பெல்ட்டை இடம் மாற்றுவதுதான் அன்றாட வேலை. கரி வெட்டுகிற இடம் முன்னே போகப் போக, அந்த நீளப் பெல்ட்டையும் கூடவே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். கனவில் பெல்ட் மேகம்போல மிதந்தது. அதன்மேல் துவைத்த சட்டைகளெல்லாம் கை வீசிக்கொண்டு ஊர்வலம் போயின. ஒரு போர்மேன், "மெல்ல... மெல்ல... கதவுல இடிக்கப்போவுது" என்றார். அவர் கையில் வளையல் குலுங்கியது. கனவில் எதுதான் நடக்காது?

விழித்துப் பார்த்தால் மெஷின் ஹாலில். செங்கல்கள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"நீங்கதாங்க!" என்று தலையில் கை வைத்தாள் பவித்ரா. "கண்ணை மூடிக்கினே தள்ளிக்கினு வந்தீங்க. எனக்கு உசுரே இல்ல. தூக்கத்துல நடக்குறவங்கள எழுப்பக்கூடாதாமே, அதான் சும்மா இருந்துட்டேன்."

அறிவழகன் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினான். இது வெளியே தெரிந்தால் எவன் அவனைச் சுரங்கத்துக்குள் விடுவான்? பிழைப்பே போய்விடும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று கெஞ்சினான்.

"பக்கத்து வூட்டுச் சந்திரகலாகிட்டகூட மூச்சு விடமாட்டேன். போதுமா?"

தங்கமான மனைவி என்று அவனுக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் தன் காலைக் கட்டில் காலோடு வேட்டியால் கட்டிக்கொண்டு படுத்தான். எழுந்தபோது வேட்டி மடித்துத் தலைமாட்டில் இருந்தது. மெஷின் பாத்ரூம் மூலையில். கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில்.

"கேரம் போர்டையுமா நானே எடுத்தேன்?"

"எடுத்து, தொடச்சு வேற வச்சீங்க. உங்க உள்மனசுக்கு எது தோதான எடம்னு தெரியுதுங்க. வெளிமனசுதான் வீம்பு பண்ணுது."

தன்னோடு தானே எப்படிச் சண்டை போடுவது? "சரி, அங்கயே இருந்து தொலையட்டும்" என்று விட்டுவிட்டான். பவித்ரா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

மறுநாள் காலை அவன் படுத்ததும், மெஷின் மூலையில் தாலாட்டுப் பாடுவதுபோல் சுற்ற ஆரம்பித்தது. வம்பு தீர்ந்த நிம்மதியில் இமை தானாக மூடியது. பெல்ட் மிதந்தது, சட்டைகள் கிளம்பின.

பின்கதவு மெல்லத் திறந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரகலா கிசுகிசுத்தாள்:

"பவித்ரா, அண்ணன் தூங்கிட்டாரா? நாம மெஷினைத் தள்ளுற வேலை முடிஞ்சுது, இன்னைக்குக் கட்டிலைத் தள்ளணும்னியே... அண்ணனோடவே தள்ளிடலாமா?"