முத்துலிங்கத்தின் பெட்டி அறை

முதலில் ஒரு விடுகதை. விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி வெட்டுவான், தையற்காரன் இல்லை.
சுவரைக் குடைவான், மேசன் இல்லை.
வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்பான், வெளியில் யாரிடமும் சொல்லமாட்டான்.
யார் அவன்?

எலி. சரியாகச் சொன்னீர்கள். முதல் இரண்டு அடிகளில் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவது அடியை நீங்கள் நம்பாமல் இருக்கலாம். மஹய்யாவையில் குடியிருக்கும் முத்துலிங்கம் நம்பினார். அவர் நம்பியதால்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது.

முத்துலிங்கத்துக்குக் கண்டி டவுனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. பழுதான சாமான்களைத் திருப்பி வாங்கும் மேசை அவருடையது. அயன்பொக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். முத்துலிங்கம் கேட்கும் முதல் கேள்வி, “பெட்டி எங்க?” வந்தவர் முழிப்பார். பெட்டியில்லாமல் எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. வந்தவர் அயன்பொக்ஸோடு திரும்பிப் போவார், ஏதோ கைக்குழந்தைக்கு மருந்து கிடைக்காதவர் போல.

இப்படி எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பார்த்து முத்துலிங்கம் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். ஊரில் யார் பெட்டியில்லாமல் நின்றாலும் நிற்கட்டும். அவர் வீடு நிற்காது.

பிரிட்ஜ் பெட்டி, டிவி பெட்டி, பேன் பெட்டி, ரைஸ் குக்கர் பெட்டி. டோர்ச் லைட்டுக்குக்கூடப் பெட்டி. உள்ளே வைத்து வந்த வெள்ளை ரெஜிபோம் கட்டிகளும் ஒரு மூலை உடையாமல் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. வீட்டின் சின்ன அறையில் தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள்தான். டிவி செத்துப்போய் வெகு காலம். அதன் பெட்டி மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

அவர் மனைவி டிலானி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளுடைய தையல் மெஷினுக்குக் கிடைத்த இடம் குசினி வாசல். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் வெள்ளைத் துணி. போன வருடம் ஒரு தாய் தன் மகனின் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, தையலில் குறையில்லை, ஆனால் முதுகுப் பக்கம் நெத்தலிக் கருவாடு மணக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சின்ன அறை தனக்கு வேண்டுமென்று டிலானி வருடந்தோறும் கேட்பாள். முத்துலிங்கம் வருடந்தோறும் “பார்ப்போம்” என்பார். பார்த்ததில்லை.

இப்படியிருக்கும்போதுதான் எலி வந்தது.

டிசம்பர் மாதம். சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒரு நாள் காலையில் டிலானி ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து முத்துலிங்கத்தின் முன்னால் விரித்தாள். ஒரு கை இருந்தது. மற்றக் கை இல்லை.

“இது எங்கயிருந்து வருது தெரியுமாங்க?”

“கீழ நிஸாம் நானா கடையில இருந்துதான். வெங்காயம், கருவாடு எல்லாம் அங்கதானே இருக்கு.”

“அங்க அவ்வளவு சாப்பாட்ட வச்சிக்கிட்டு, இத்தன படி ஏறி இங்க வந்து துணி திங்கிறதுக்கு அதுக்கு என்ன வேண்டுதலா?”

முத்துலிங்கம் பாண் துண்டைப் பருப்பில் தோய்த்தார். 

“ஒங்க பெட்டி ரூம்புலதான் இருக்கு. ஒரு நாளைக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்துப் பாத்துருவோம்.”

அந்தக் கடைசி வசனம் அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. டிலானியை அவருக்குத் தெரியும். வெளியே எடுத்த பெட்டி மறுபடி உள்ளே போகாது. பெட்டி இருந்த இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே எலியைப் பிடித்தாக வேண்டும். அதுவும் ஒரு பெட்டியைக்கூட அசைக்காமல் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அறை அவருடையது. விட்டால் அவளுடையது. இரண்டு பேருக்கும் இது விளங்கியது. இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

முத்துலிங்கம் எழுந்து நின்று, இந்த எலியைத் தானே பிடித்துக் காட்டுவதாக அறிவிக்கப் போனார். பாதி வசனத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியையும் எட்டு வயது மகள் நிலூஷாவையும் சைகை காட்டி வெளியே கூப்பிட்டார்.

தெல்தோட்டையில் அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் எலிக்கு மருந்து வைப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கண்ணைக் காட்டுவார்கள், அல்லது வெளியில் போய்க் காதில் சொல்வார்கள். சொன்னால் எலி கேட்டுவிடும், கேட்ட எலி மருந்தைத் தொடாது. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தச் சட்டம் அன்று முதல் மஹய்யாவையிலும் அமுலுக்கு வந்தது. வீட்டுக்குள் எலி என்ற சொல்லே வரக் கூடாது. அவசியமானால் ‘அவர்’ எனலாம். திட்டமெல்லாம் படிக்கட்டுக்குக் கீழே, நிஸாம் நானாவின் கடை வாசலில் கிடக்கும் மர வாங்கில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. கலியாணமான புதிதில் குளக்கட்டில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்றதற்குப் பிறகு, கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து ஆறுதலாகப் பேசியது இந்த வாங்கில்தான். நிஸாம் நானா பிளேன்டீ கொடுப்பார். எலியைப் பற்றித் தொடங்குவார்கள். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு வரும்.

சின்னக் கஷ்டங்களும் இருந்தன. கெலிஓயாவிலிருக்கும் தங்கச்சியோடு டிலானி வீட்டுக்குள்ளிருந்து போனில் பேசும்போது, சட்டத்தை மீறாமல், அவர் நேற்று குசினியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் முழுவதையும் தின்றுவிட்டார் என்று சொன்னாள். தங்கச்சி, மச்சானை எந்த டொக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

முதலில் எலிக்கூடு வைத்தார்கள். உள்ளே சுட்ட கருவாடு. காலையில் பார்த்தால் கூடு மூடியிருந்தது. கருவாடும் இல்லை, அவரும் இல்லை. விசாரணை நடந்தது. மிச்சக் கருவாடு தனக்கா என்று வீட்டுக்குள் வைத்துக் கேட்டதை நிலூஷா ஒப்புக்கொண்டாள். முத்துலிங்கம் அவளை மன்னித்தார்.

அடுத்து பசை அட்டை. அதில் முத்துலிங்கத்தின் இடது கால் ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அன்றைக்குக் கடையில் அவர் நடந்த இடமெல்லாம் ஒரு சத்தம் கேட்டது.

மறுபடியும் கூடு. இம்முறை சுட்ட தேங்காய்ச் சில்லு. வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நிலூஷா தேங்காய்ச் சம்பலைக்கூட விரலால் காட்டித்தான் கேட்டாள். காலையில் கூடு மூடியிருந்தது. தேங்காய் இல்லை.

“யாரும் சொல்லல. பிறகு அதுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?” என்றார் முத்துலிங்கம், கடை வாங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு.

டிலானி பிளேன்டீயை ஊதிக் குடித்தாள்.

“சொன்னா வருத்தப்படக் கூடாது. நீங்கதாங்க சொன்னீங்க. தூக்கத்துல. ‘தேங்கா, கூடு, குசினி மூலை’ன்னு ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாச் சொன்னீங்க.”

அது உண்மையா என்பது டிலானிக்குத்தான் தெரியும். நான் கேட்டுப் பார்த்தேன். சிரித்தாள்.

முத்துலிங்கம் ஆடிப்போனார். படையின் இரகசியத்தைப் பகைவனுக்குச் சொன்னவன் தளபதியே என்றால், அந்தத் தளபதி என்ன செய்வான்? மறுநாள் முழுதும் கடை மேசையில் உட்கார்ந்து அதையே யோசித்தார். அன்றைக்கு இரண்டு பேரிடம் பெட்டி கேட்கவே மறந்துபோனார். மாலையில் கடை வாங்குக்கு வந்து தீர்ப்பைச் சொன்னார்.

“இனி எனக்கும் சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சாத்தானே ஒளறுவேன்? செய்யிறத செய். என்கிட்ட மூச்சு விடாத.”

டிலானி கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் என்ன செஞ்சாலும் ஒங்ககிட்ட கேக்க வேணாம்?”

“வேணாம்.”

“செஞ்சு முடிச்ச பிறகு?”

“அப்பவும் வீட்டுக்குள்ள சொல்லாத. இங்க வந்து சொல்லு.”

“பிறகு ஏன் ஒரு வார்த்த கேக்கலன்னு சண்டைக்கு வரக் கூடாது.”

“நான் ஏன் சண்டைக்கு வாறேன்?”

நிஸாம் நானா வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்தபடியே, “யோசிச்சுச் சொல்லுங்க தம்பி” என்றார். யோசித்துத்தான் சொன்னதாக முத்துலிங்கம் அவருக்கும் உறுதி கொடுத்தார்.

சனிக்கிழமை கடையில் வருட இறுதி மலிவு விற்பனை. முத்துலிங்கம் விடியவே போய்விட்டார். வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்தவர், நிஸாம் நானாவின் கடை முன்னால் அப்படியே நின்றார்.

கடை வாசல் நிறையப் பெட்டிகள். டிவி பெட்டியில் முட்டைக்கோவா. பேன் பெட்டியில் கரட். ஒவ்வொரு பெட்டியும் நேற்று கடையிலிருந்து வந்தது போல இருந்தது. முத்துலிங்கம் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். ஒரு மூலை மடங்கவில்லை. ஓரத்தில் ஈரம் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“யாரோட பெட்டி நானா இதெல்லாம்?”

நிஸாம் நானா, தெரிந்த ஒரு மனுஷருடையது என்றார்.

“பெட்டிய வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும். இந்தக் கண்டியில என்னைப் போல இன்னொருத்தன் இருக்கான்னு நான் நெனைக்கவே இல்ல.”

“நல்ல மனுஷன்தான், தம்பி.”

“ஆனா இதக் குடுத்தான் பாருங்க. அங்கதான் மடையனாப் போயிட்டான்.”

நிஸாம் நானா இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஈரமான லீக்ஸை ரைஸ் குக்கர் பெட்டியில் வைக்க வேண்டாம், அடி இளகிவிடும் என்று கடைப்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு முத்துலிங்கம் படியேறினார்.

பாதிப் படியில் அவர் கால் நின்றது. அந்த ரைஸ் குக்கர் பெட்டியின் பக்கவாட்டில் பச்சைக் கிரேயோனில் ஒரு யானை இருந்தது. கால்கள் ஐந்து. நிலூஷா சின்ன வயதில் வரைந்த யானை. பெட்டியில் கிறுக்கியதற்காக அவர் அவளைக் கண்டித்த யானை.

மிச்சப் படிகளை அவர் எப்படி ஏறினார் என்பது அவருக்கே நினைவில்லை.

சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம். சுவரின் மேற்பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் ஒன்று உண்டு என்பதையே முத்துலிங்கம் மறந்திருந்தார். பக்கச் சுவரோரம் தையல் மெஷின். அதன் முன்னால் டிலானி.

“என் பெட்டி...” என்று தொடங்கினார்.

டிலானி விரலை உதட்டில் வைத்தாள். எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். சட்டம் போட்டவர் சட்டத்தின் பின்னாலேயே இறங்க வேண்டியதாயிற்று.

வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் டிலானி வாயைத் திறந்தாள். பிரிட்ஜ் பெட்டிக்குள் ‘அவர்’ குடும்பம் நடத்துவதற்கு ஏற்ற மாதிரி ஒரு மெத்தையே செய்து வைத்திருந்தார். காணாமற்போன சட்டைக் கை, ரெஜிபோம் தூள், இன்னும் என்னென்னவோ. பெட்டியை இழுத்ததும் அவளுடைய கால் மேல் ஏறிப் பாய்ந்து, படியிறங்கி, கழிவுநீர்க் கான் ஓரமாகவே ஓடி, மேட்டுப் பக்கம் காட்டுக்குள் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் மூலையில் இருந்த பொந்துக்குள் போத்தல் துண்டு போட்டு, சீமெந்து வைத்து, அவளே அடைத்துவிட்டாள்.

“இவ்வளவையும் செஞ்சியே. முன்னுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டிலானி.”

“வாய் வரைக்கும் வந்துச்சுங்க. எலி கேட்டுரும்னு அடக்கிக்கிட்டேன்.”

முத்துலிங்கம் நிஸாம் நானாவைப் பார்த்தார். நிஸாம் நானா தராசைப் பார்த்தார்.

நாளைக்கே ஒரு சாமான் பழுதானால் என்ன செய்வது என்று முத்துலிங்கம் கேட்டார். எந்தச் சாமான் என்று டிலானி திருப்பிக் கேட்டாள். டிவி செத்துவிட்டது. பேன் நிலூஷாவுக்கு மூத்தது. பிரிட்ஜின் வாரண்டி முடிந்து அதற்குப் பிறகு இரண்டு தேர்தல் வந்து போய்விட்டன. வாரண்டி உயிரோடு இருப்பது கிரைண்டருக்கு மட்டும்தான். அந்தப் பெட்டியைத் துடைத்து உள்ளேயே வைத்திருக்கிறாள்.

“ஒங்க தொழில நான் மதிக்காம இருப்பனா?” என்று சொல்லி, மீன் பொதிந்த மாலுபாணைப் பிய்த்து, பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

முத்துலிங்கம் கோபத்தைத் தேடிப் பார்த்தார். இருந்தது. ஆனால் அதை எந்த இடத்தில் வைப்பதென்று தெரியவில்லை. மாலுபாணைத் தின்றுவிட்டுக் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பாதிப் பெட்டிகளையாவது மேலே கொண்டுபோகலாம். அறையில் பாதி பெட்டிக்கு, பாதி மெஷினுக்கு. இப்போதே கரட்டை இறக்கித் தருவதாக நிஸாம் நானா சொன்னார். டிலானி யோசித்துவிட்டு, நிலூஷாவிடம் கேட்போம், அவள் எதைச் சொல்கிறாளோ அதுதான் முடிவு என்றாள். முத்துலிங்கம் உடனே சம்மதித்தார். நிலூஷா அப்பா பிள்ளை.

மூன்று பேரும் அந்த அறையில் நின்றார்கள். முத்துலிங்கம் பழக்கத்தில் மெதுவான குரலில் தொடங்கினார். சத்தமாகவே பேசலாம், கேட்பதற்கு ஆளில்லை என்றாள் டிலானி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதவான் போல இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். பெட்டிகள் வந்தால் யானையும் திரும்ப வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். இனிமேல் அதற்குப் பக்கத்தில் இன்னொரு யானை வரைந்தாலும் ஏசமாட்டார். டிலானி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு நிலூ. பெட்டியா, மெஷினா?”

நிலூஷா ஜன்னல் என்றாள். அது அவளுக்கு எட்டவில்லை. கிரைண்டர் பெட்டியைக் கொண்டுவந்து சுவரோடு வைத்து, அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.