பதினாலாம் நம்பர் வீடு

நான் சொன்ன பொய்களிலேயே ஆகச் சின்னது இரண்டே இலக்கம் கொண்டது. அதற்குத்தான் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பதுளை டவுனில் ஒரு போன் கடையில் வேலை. (கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, ஒரு நாற்காலி. ரேணுகாவிடம் ‘ஷோரூம்’ என்று சொல்லியிருந்தேன்.) வீடு தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில். ரேணுகா என் அத்தை மகள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரு நாட்டு ஒப்பந்தப்படி பத்து வயதில் பெற்றோரோடு இந்தியாவுக்குக் கப்பலேறி கோத்தகிரியில் குடியேறியவர். அப்பா இங்கேயே தங்கிவிட்டார். பிறகு காலமாகியும் விட்டார். அறுந்துபோன உறவை வாட்ஸ்அப் ஒட்டிவைத்தது. ரேணுகாவை எனக்குக் கேட்கலாமா என்று அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேச ஆரம்பிக்கும் முன்பே எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது.

பிடித்த பெண்ணிடம் மற்றவர்கள் நிலாவைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றாள் அவள். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம் என்றேன் நான். அவள் ரேஷன் அரிசியை இறக்கினாள். நான் பல்கலைக்கழகம் வரை இலவசப் படிப்பு என்று இறக்கினேன். (நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையே தாண்டாததை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) பெட்ரோலுக்கு நாள்கணக்கில் நின்ற கதையைக்கூட, எங்கள் ஜனங்களுக்கு வரிசையில் நிற்கும் ஒழுக்கம் உண்டு என்று மாற்றிச் சொன்னேன்.

ஒருநாள் ஒரு படம் அனுப்பினாள். கதவுக்கு மேலே நீலத் தகடு, அதில் 3/27. “இது எங்க வீட்டு டோர் நம்பர். உங்களுது என்ன?”

எங்கள் லயத்தில் எந்தக் கதவுக்கும் நம்பர் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால் உண்டு. ஒரு முறை என்னை இன்டர்வியூவுக்கு அழைத்த கடிதம், இன்டர்வியூ முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. அதை அவளிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து அம்மா பக்கத்து வீட்டம்மாவிடம், “நாளைக்குப் பதினாலாம் நம்பர்ல கொழுந்தாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் விரல் தானாக அடித்தது: “நம்பர் 14.”

அதோடு நிறுத்தினேனா? அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்றும் சேர்த்துவிட்டேன்.

பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவுசெய்ய, அத்தையும் ரேணுகாவும் வந்தார்கள். என் திட்டத்தில் ஓட்டையே இல்லை. பதுளை ஸ்டேஷனில் அழைத்து, கேட் வைத்த நண்பன் வீட்டில் உட்காரவைத்து, மாலையில் அம்மாவைப் பட்டுச்சேலையில் அங்கே கொண்டுவந்து இறக்குவது. அம்மாவிடம் விருந்தாளிகள் வருவதை மட்டும் சொல்லியிருந்தேன். ஆனால் தெமோதரை என்ற பலகையைக் கண்டதும் அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பத்து வயதில் அழுதுகொண்டே ரயிலேறிய ஸ்டேஷன் அது. அவர் இறங்குவார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, “பதினாலாம் நம்பர்” என்றிருக்கிறார்கள். அவர் எங்கள் தோட்டத்துக்காரர்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. தோட்டத்தில் பதினாலாம் நம்பர் என்றால் ஒன்றே ஒன்றுதான், தேயிலை மலை. அன்றைக்குக் கொழுந்து பறிப்பும் அங்கேதான். எங்கள் ஊரில் செடி நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நம்பர் உண்டு. மனுஷன் குடியிருக்கும் இடத்துக்குத்தான் இல்லை.

கடையிலிருந்து ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஆட்டோக்காரர் போன் செய்தார். “தம்பி, ஒங்க இந்தியாக்காரங்களப் பதினாலாம் நம்பர்ல எறக்கிட்டேன்.”

நண்பனின் பைக்கில் பறந்தேன். மலையடிவாரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு பாறைமேல் அத்தை பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டியைப் பிடித்தபடி ரேணுகா. சுற்றிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். நடுவில், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கறுத்த விரல்களோடு அம்மா. படங்கு என்பது மழைக்கும் முள்ளுக்கும் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு. அம்மாவின் பட்டுச்சேலை வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

அம்மா என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“வீட்டுல இருக்கேன்னு சொன்னியாமே. எந்த வீட்டுலடா?”

நான் அம்மாவை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. போன் வாங்கித் தந்ததும் அந்தக் கறுத்த விரல்கள்தான். கல்யாணம் போனால் போகிறது, பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் போதும் என்றிருந்தது.

அத்தை பேச்சை மாற்றினார். மாற்றும்போதே அவர் கை பக்கத்துச் செடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தது. அவரும் கோத்தகிரியில் இதே வேலைதான் பார்க்கிறார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“நம்பர் இருந்து என்ன தம்பி. இத்தன வருசமாச்சு, இன்னும் சிலோன்காரங்க வீடு எதுன்னுதான் கேட்டு வர்றாங்க.”

“இங்க எங்கள இந்தியாக்காரங்கன்றாங்க” என்றார் அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அத்தை சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ரேணுகாவைப் பார்த்தேன்.

“ஷோரூம் எந்த மலைல இருக்கு?” என்றாள் அவள்.

ரேணுகா கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருடமாகிறது. எந்த நாடு தேவலை என்று யாராவது கேட்டால், என்னைக் காட்டி, இவரைக் கேட்காதீர்கள் என்கிறாள். அத்தை கோத்தகிரியிலிருந்து வர்க்கி பிஸ்கட் பார்சல் அனுப்பும்போதெல்லாம் ‘பதினாலாம் நம்பர்’ என்றே எழுதுகிறார். ஒழுங்கான விலாசத்தோடு வரும் கடிதங்கள் இன்றைக்கும் ஆபீசில் தூங்குகின்றன. இந்தப் பார்சலை மட்டும், ஆபீசில் எல்லாரும் ஒருமுறை சிரித்துவிட்டு, அன்றைக்கே கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.

அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். காலையில் படங்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த மலையில் கொழுந்தென்றாலும், என் காதில் விழும்படி ரேணுகாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்:

“வீட்டுக்குப் போயிட்டு வாறேம்மா.”