கூப்பிடாமல் உள்ளே வராத பையன்

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள மலைகளில் ஒரு சினிமா ஓட வேண்டுமா, படுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்தவர் ஒரே ஒருவர்தான். எஸ்டேட்டில் எல்லோரும் அவரைச் சென்சார் என்றே அழைத்தார்கள். அவர் வெள்ளிக்கிழமை "தேறாது" என்று சொன்னால், தியேட்டர்காரர் சனிக்கிழமையே போஸ்டரைக் கிழித்துவிடுவார் என்று பேச்சு.

தேயிலை ஃபாக்டரிக்கு வந்து சேரும் கொழுந்தில் முற்றல் இலை கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சினிமாவையும் அதே கண்ணால் பார்த்தார். கதாநாயகனின் தந்தை இறந்து கிடக்க, தியேட்டரே அழுதுகொண்டிருந்தபோது, "செத்தவரு மூச்சு விடுதாரு" என்று அறிவித்தவர் அவர். அதன்பின் அந்தக் காட்சிக்கு யாரும் அழவில்லை.

பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டு நான் அந்த லயத்தில் குடியிருந்தேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகள். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான். விமர்சனம் முழுவதும் எனக்கும் கேட்கும்.

சென்சார் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. மகள் செல்வி, ஏலப்பாறையில் ஜீப் ஓட்டும் அனீஷை, கேட்காமல் கொள்ளாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்து அழைத்து வந்த அன்று, மருமகனிடம், "நான் கூப்பிடாம என் வாசப்படி மிதிக்கப்படாது" என்றார். அனீஷ் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் மனைவியை இறக்கிவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பார். டீ வெளியே போகும்; காலி கிளாஸ் உள்ளே வரும். சென்சாரின் கோபம் எப்போதோ ஆறிவிட்டது என்று அவர் மனைவி சொன்னார். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

போன ஆடி மழையில் ஒரு ஞாயிறு, நானும் அவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இனியும் அனீஷை வெளியே உட்கார வைப்பதானால் தானும் வரப் போவதில்லை என்று செல்வி அம்மாவிடம் சொன்னாள். அப்பா காதில் விழும்படிதான் சொன்னாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

செல்வி ரிமோட்டை வாங்கி ஒரு படத்தை வைத்தாள். தமிழில் டப் செய்த ஆங்கிலப் படம். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியும் ரத்தக்காட்டேரியான ஒரு பையனும் காதலிக்கிறார்கள். ஊரார் ரத்தத்தைக் குடிப்பவன், அவள் ரத்தத்தை மட்டும் தொட மாட்டான்.

சென்சார் என் பக்கம் திரும்பினார். "சார், நம்ம காட்டு அட்டை இவனவிட யோக்கியம். குடிச்சு வயிறு நெறஞ்சா தானா விழுந்திரும். இவன் குடிக்கவும் மாட்டேங்கான், போகவும் மாட்டேங்கான்."

மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அட்டைக்குப் பயந்து காலில் உப்புத் தேய்த்துக்கொள்ளும் ஊர் அது. அந்தப் பெண்ணின் கழுத்தில் அவள் அம்மா கொஞ்சம் உப்புத் தேய்த்து அனுப்பியிருந்தால், படம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும் என்பது அவர் கருத்து.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெண்ணின் வீட்டு வாசலில், கொட்டும் மழையில் பையன் நிற்கிறான். கதவு திறந்துதான் இருக்கிறது.

"ஏன் அங்கனயே நிக்கான்?"

"வீட்டுக்காரங்க கூப்பிடாம உள்ள வரக் கூடாதாம்ப்பா. அவங்களுக்கு அப்படி ஒரு சட்டம்" என்றாள் செல்வி.

"எவன் போட்ட சட்டம்?"

"யாராவது ஒரு அப்பா போட்டிருப்பாரு."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. படத்தின் நடுவில் சென்சார் எழுந்து போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஏலே, உள்ள வா. கால்ல அட்டை இருக்கான்னு பாத்துட்டு வா."

அனீஷ் ஜீப்பின் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை. இறங்கி வந்து, படியேறும் முன் பேண்டைச் சுருட்டி இரண்டு கால்களையும் மாமனாரிடம் காட்டினார். சென்சார் குனிந்து, கொழுந்தைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"தேறும்" என்றார்.

தன் நாற்காலியை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, அதுவரை நடந்த கதையையும் அவரே சொன்னார். "பையன் நல்ல பையன்தான். பல்லுதான் கொஞ்சம் நீளம்."

செல்வி அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சென்சார் அதை இப்போது லயத்தில் எல்லோரையும் பார்க்கச் சொல்கிறார். குறை சொல்பவர்களை முறைக்கிறார். மழையில் நனைந்த அந்தப் பையனின் சட்டை, அடுத்த காட்சியில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. நான் கவனித்தேன். செத்தவரின் மூச்சையே கண்டுபிடித்தவர், அவரும் கவனித்திருப்பார். இதுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.