வெயிலைத் தின்ற கூட்டம்

காலை ஒன்பது மணிக்கே அந்த மொட்டைமாடியில் கால் வைக்க இடமில்லை. நூறு பேர் முகத்திலும் கையிலும் பச்சைக் குழம்பைப் பூசிக்கொண்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார்கள். காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

பரிமாறியவர் இலையார். மூன்று வருடமாக வாயில் உணவே வைக்கவில்லையாம். தொப்பை மட்டும் எப்படியோ தவறாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

"மாடு புல்லைத் தின்னுது. நாம மாட்டுப் பாலைக் குடிக்கிறோம். புல்லு எதைத் தின்னுது? வெயிலை. அப்புறம் எதுக்கு நடுவுல மாடு?"

கூட்டம் சொக்கிப்போனது. மாட்டிடம் யாரும் கலந்து பேசவில்லை.

பச்சை பூசினால் தோல் இலையாகிவிடும். துணைக்கு, குடத்திலிருந்து ஒரு கரண்டி 'வெயில்பால்'. வெறும் தண்ணீரை வெயிலில் வைத்தால் ஒளி கெட்டிப்பட்டு வெள்ளையாகிவிடுமாம். சீடர்களுக்குக் கரண்டிக் கணக்கு, இலையாருக்குச் செம்புக் கணக்கு. குருவுக்கு வேர் ஆழம் போலிருக்கிறது.

கடைசி வரிசையில் ஒருத்தி பூசிக்கொள்ளாமல் நின்றிருந்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அண்ணனை மீட்டுக்கொண்டு போக வந்திருந்தாள். அண்ணன் பஸ் டிரைவர். ஒன்பது நாளாகச் சாப்பிடாமல், முந்தாநாள் தலைசுற்றிப் பஸ்ஸை நடைபாதையில் ஏற்றிவிட்டான். அங்கே யாரும் நிற்காததால் பிழைத்தான்.

"வீட்டுக்கு வாண்ணா. ரெண்டு வாய் சாப்பிடு."

"இன்னும் மூணு நாள்தான். அப்புறம் பசியே வராதுன்னு ஐயா சொல்லிருக்காரு."

"பசி வராது. நீயும் வரமாட்ட."

அதற்குமேல் அவனிடம் பேசிப் பயனில்லை. அவள் நேரே இலையாரிடம் போய் ஒரு கரண்டி வெயில்பால் கேட்டாள். புது இலை ஒன்று துளிர்த்துவிட்ட மகிழ்ச்சியில் அவரும் ஊற்றினார். அவள் குடிக்கவில்லை. பையிலிருந்து அயோடின் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். வெள்ளை, கருநீலமாக மாறியது.

"மாவு இருந்தா இந்த நிறம் வரும். பள்ளிக்கூட ஆய்வகத்துல நாங்க பிள்ளைங்களுக்குக் காட்டுறதுதான்," என்றாள்.

இலையார் அசரவில்லை. "இலையைச் சோதிச்சாலும் இதே நிறம்தானேம்மா? பிள்ளைங்களுக்கு நீங்க அதைத்தானே காட்டுறீங்க? இலை வெயில்ல மாவு சமைக்குது. என் குடமும் சமைக்குது."

கைதட்டல் பறந்தது. அண்ணனும் தட்டினான். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரிங்கய்யா. அப்போ புதுசா ஒரு குடம் சமைச்சுக் காட்டுங்க. தண்ணிய நான் பிடிக்கிறேன். வெயில்ல நீங்களே வைங்க. பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன்."

நூறு பேர் முன்னால் எப்படி மறுப்பது? குடம் வைக்கப்பட்டது. அவள் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். குடத்துக்குப் 'பூசை செய்ய' சீடர்கள் மூன்று முறை மடியில் பொட்டலத்தோடு வந்தார்கள். மூன்று முறையும் விரட்டினாள்.

மாலை நான்கு மணிக்குச் சொட்டு விழுந்தது. நீலம் வரவில்லை. புட்டியில் இருந்த அதே பழுப்பு நிறம்தான் தண்ணீரில் பரவியது.

"இன்னைக்கு வெயில் பத்தல," என்றார் இலையார்.

"பத்தலையா? என் மூக்கே உரிஞ்சிருக்கு," என்றார் பச்சை பூசிக் கிடந்தவர்களில் ஒருவரான ஒரு விடுதிச் சமையல்காரர். எழுந்துபோய் இலையாரின் பழைய குடத்துக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி மாவுக் கட்டியை வெளியே எடுத்தார். "கட்டி தட்டாம மாவு கரைக்கத் தெரியல. இவரு வெயிலைச் சமைச்சாராம்."

மூன்று வருடம் சாப்பிடாத மனிதர் படிக்கட்டில் இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்போ ஒன்பது நாளா நான் சாப்பிட்டது?" என்று கேட்டான் அண்ணன்.

"தினம் ஒரு கரண்டி மாவுத் தண்ணிண்ணா. மத்தபடி பட்டினி கிடந்திருக்க."

அவன் பச்சை முகத்தோடு விசும்பினான். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முதல் வாயை அவளே ஊட்டினாள்.

சமையல்காரருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "அப்ப இலைக்கு எப்படிம்மா முடியுது?"

"அதுக்குப் பச்சை உள்ளேயே இருக்கு, பூசிக்கிட்டது இல்ல. நின்ன இடத்துலயே சமைச்சுக்கும். அதனால அதுக்குக் கால் வேண்டாம், வாய் வேண்டாம், மூளை வேண்டாம். நமக்கு மூணும் இருக்கு. காலால இங்க ஏறி வந்தீங்க, வாயைப் பிளந்து கேட்டீங்க. மிச்சம் இருக்கிற ஒண்ணையும் கொஞ்சம் பயன்படுத்துங்க."